குன்வோரின் குறிப்பைத் திறந்த இருபத்துமூன்று பேர்

மாத்திரையின் பெயரைச் சொன்னவன் கோரே. எங்கள் மருத்துவமனையின் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன். குழாய், விளக்கு, பனி வழிக்கும் வண்டி, இவைதான் அவன் உலகம். மார்ச் இரண்டாவது வாரம், மதியச் சாப்பாட்டு நேரம். குன்வோர் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி அன்றைக்கு மூன்றாவது நாள். ரொட்டியின் மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்துக்கொண்டிருந்தாள். அவன் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"இப்பல்லாம் நல்லாத் தூங்குறியா? அந்த மாத்திரைய ரொம்ப நாள் போடாத. என் மச்சினிச்சி போட்டு பத்து கிலோ ஏறிட்டா."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மாத்திரையின் பெயரையும் சேர்த்தே சொன்னான். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பித்தப்பையில் கல், அறுவை சிகிச்சை என்றுதான் குன்வோர் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். பித்தப்பைக் கல்லுக்கு அந்த மாத்திரையை யாரும் தருவதில்லை. அவள் உண்மையில் பதினொரு நாள் இருந்தது எங்கள் மருத்துவமனையின் பின்பக்கக் கட்டடத்தில், மனநலப் பிரிவில். அது அவள் கணவன் ஆர்விடுக்கும் அவளைக் கவனித்த மருத்துவர், செவிலியர்களுக்கும் மட்டுமே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். விளக்கு மாற்றுகிற கோரேக்கு எப்படித் தெரியும்?

அவள் ரொட்டியை மறுபடி காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நான் டூரிட். அந்த மருத்துவமனையின் தொலைபேசி அறையில் பத்தொன்பது வருடம் இருந்தேன். கீழ்த்தளத்தில் என் அறைக்கு நேர் எதிரே குன்வோரின் அறை. இரண்டுக்கும் ஜன்னல் கிடையாது. அதனால் கதவுகளைத் திறந்தே வைத்திருப்போம். இங்கே எழுதுவதில் பாதி நான் கண்ணால் பார்த்தது, பாதி அவள் வாயால் கேட்டது. இப்படி எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். "எழுது. எதுக்கு அங்க படுத்தேன்னு மட்டும் எழுதாத" என்றாள். காரணம் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். தெரிந்துகொள்ளத் துடிக்கிறவர்களுக்காகத்தான் இந்தக் கதையே.

குன்வோர் வெளித்தீவு ஒன்றில் பிறந்தவள். எங்கள் ஊருக்கு வந்து, மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலையில் பதினான்கு வருடம் இருந்தாள். ஊரில் பாதிப் பேருடைய நோய் அவள் விரல் வழியாகப் போயிருக்கும். ஒருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை. பிறகு தட்டச்சைக் கணினியே செய்துகொள்ள ஆரம்பித்ததும் அவளைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள். புதிய வேலையின் பெயர் அனுமதி நிர்வாகம். கேட்டால் கொட்டாவி வரும்.

வேலை இதுதான். மருத்துவமனையில் ஆயிரத்து அறுநூறு பேர். ஆளுக்கொரு அட்டை, ஆளுக்கொரு ரகசிய எண். அட்டையைக் கணினியில் செருகினால் நீ யார் என்பது மட்டுமல்ல, என்ன பொறுப்பில் இருக்கிறாய் என்பதும் அதற்குத் தெரியும். பிரசவப் பிரிவு மருத்துவச்சிக்குத் தன் பிரிவுத் தாய்மார்களின் மருத்துவக் குறிப்புகள் திறக்கும். சமையலறைக்காரருக்கு யாருக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பது மட்டும் திறக்கும். எனக்கு ஊழியர்களின் தொலைபேசி எண்கள், அவ்வளவுதான். கதவுகளும் அதே அட்டையில்தான். யாருக்கு எந்தப் பொறுப்பு என்று பதிவதும், வேலை மாறியதும் பழையதை நீக்குவதும் குன்வோரின் கடமை.

பதியச் சொல்லி நாளைக்கு முப்பது பேர் கூப்பிடுவார்கள். "இப்பவே வேணும், நோயாளி காத்திருக்கார்" என்பார்கள். நீக்கச் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை. ஒரு செவிலி நான்கு பிரிவு மாறினால் நான்கு பொறுப்பும் அவள் அட்டையிலேயே தங்கிவிடும். பிரிவுத் தலைவர்கள் வருடத்துக்கு ஒருமுறை தங்கள் ஆட்களைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும், முப்பது நாளுக்குள் உறுதி செய்யாத பொறுப்பு தானாகக் காலாவதியாகும் என்று விதி இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் இயக்குநர் ஹால்வாரே போட்ட விதி. ஒவ்வொரு வருடமும் குன்வோர் கடிதம் அனுப்புவாள். நாற்பத்தொரு பிரிவுகளில் ஐந்தாறு பேர் பதில் போடுவார்கள். மீதிக்கு என்ன செய்ய என்று இயக்குநரிடம் கேட்பாள்.

"இந்த வருஷமும் அப்படியே நீட்டிடுங்க. அடுத்த வருஷம் ஒழுங்கா உக்காந்து பாப்போம்" என்பார்.

அடுத்த வருடமும் அதையேதான் சொன்னார்.

கோரே மாத்திரையின் பெயரைச் சொன்ன அன்று குன்வோர் கீழே வந்து கதவைச் சாத்தினாள். அது சாத்தி நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு குறிப்பையும் யார் எப்போது திறந்தார்கள், என்ன காரணம் காட்டித் திறந்தார்கள் என்று கணினி பதிந்து வைத்துக்கொள்ளும். அந்தப் பதிவைப் பார்க்க அவளுக்கு அனுமதி உண்டு. அவள் தன் பெயரைத் தட்டிப் பார்த்தாள்.

அரை மணி கழித்து என் வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் சிவப்புத் திட்டுகள்.

"முப்பத்தோரு பேர், டூரிட்."

"என்ன முப்பத்தோரு பேர்?"

"என் குறிப்பத் திறந்தவங்க. எட்டுப் பேர் எனக்கு வைத்தியம் பாத்தவங்க. மீதி இருபத்துமூணு பேர் சும்மா பாத்திருக்காங்க. கோரே ஆறு தடவ. ஒன்பது வருஷத்துக்கு முன்னால அவன் ஆம்புலன்ஸ் ஓட்டுனானே, அந்தப் பொறுப்பு இன்னும் அவன் அட்டையில இருக்கு. நான்தான்டி நீட்டிவிட்டேன். நாலு வருஷமா என் கையாலயே நீட்டிவிட்டேன்."

"வேற யாரு?"

அவள் தலையைத் தூக்கி மேல்தளத்தின் பக்கம் பார்த்தாள். சீவ்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

சீவ் எலும்பு முறிவுப் பிரிவின் வரவேற்பில் இருந்தாள். பதினாறு வருடமாக அவளும் குன்வோரும் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். வெள்ளிக்கிழமை உணவகத்தில் வாஃபிள் போடும்போது யார் முதலில் போனாலும் இருவருக்கும் சேர்த்து வாங்கி வைப்பார்கள். ஆர்விட் சால்மன் மீன் பண்ணைப் படகில் வாரக்கணக்கில் போய்விடும்போது சீவ்தான் இவள் வீட்டுக்கு வருவாள். அவள் முன்பு அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தவள். அந்தப் பழைய பொறுப்பை வைத்து, பதினொரு நாளில் ஒன்பது முறை குறிப்பைத் திறந்திருந்தாள். காரணம் என்று கேட்கிற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் 'சிகிச்சை' என்று குறித்திருந்தாள்.

அன்று மாலையே குன்வோர் மேலே போனாள். நான் கூட ஓடினேன், ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில். வரவேற்பு மேசையில் நோயாளிகள் யாருமில்லை. சீவ் மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது தடவ" என்றாள் குன்வோர். கோபம் வந்தால் அவள் குரல் உயராது, தாழும்.

சீவுக்கு உடனே புரிந்தது. பொய் சொல்லவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

"நீ ஃபோனே எடுக்கலடி. ஆர்விட்டக் கேட்டா கல்லுங்குறான், முகத்தப் பாத்தா கல்லு மாதிரி இல்ல. எனக்கு பயமா இருந்துச்சு."

"பயமா இருந்தா கதவத் தட்டணும்."

"எந்தக் கதவன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் தடவ பாத்ததும் தெரிஞ்சிருக்குமே? அப்புறம் எட்டுத் தடவ எதுக்கு? கட்டடம் இடம் மாறிடுச்சான்னு பாத்தியா?"

சீவ் அழ ஆரம்பித்தாள். "உனக்கு எப்படி இருக்குன்னுதான் பாத்தேன். டாக்டர் தினமும் எழுதுவாங்கல்ல, அதப் படிச்சாதான் எனக்குத் தூக்கமே வந்துச்சு."

"படிச்சுட்டுக் கோரேகிட்ட சொன்ன."

"சொல்லல. அவனா கேட்டான், நான் இல்லைன்னு சொல்லல, அவ்வளவுதான்."

 குன்வோர் பிறகு சொன்னதை நான் மறக்கவில்லை.

"வீட்டுக்கு வந்ததும் உங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு இருந்தேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு அங்க படுத்துக்கிட்டு ஒத்திகை பாத்தேன்டி. நான் வாயத் தொறந்து சொல்லவேண்டியத நீ எடுத்துப் படிச்சு முடிச்சுட்ட. இனிமே உங்கிட்டச் சொல்ல எங்கிட்ட என்ன இருக்கு?"

படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

மறுநாள் இயக்குநருக்கு எழுதினாள். இருபத்துமூன்று பேர் தன் குறிப்பை அனுமதியின்றித் திறந்திருக்கிறார்கள், நடவடிக்கை வேண்டும் என்று. மூன்றே நாளில் பதில் வந்தது. மருத்துவமனையில் எந்தக் கடிதத்துக்கும் மூன்று நாளில் பதில் வந்து நான் பார்த்ததில்லை.

பதில் அவள்மீதே எச்சரிக்கை.

வேலைக்காகத் தரப்பட்ட பொறுப்பைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்திப் பார்வைப் பதிவைத் திறந்ததற்காக எழுத்து மூலமான எச்சரிக்கை என்று அதில் இருந்தது. நோயாளி என்ற முறையில் விண்ணப்பம் கொடுத்துக் கேட்டிருக்க வேண்டுமாம். நேரில் பேசக் கூப்பிட்டபோது அவள் தொழிற்சங்கப் பிரதிநிதியை அழைத்துக்கொண்டுதான் போனாள். திரும்பி வந்து சொன்னாள்.

"இப்படிச் சொன்னார் டூரிட், கேளு. 'விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் குன்வோர். நீங்களே அதுக்குக் காவல். நீங்களே மீறுனா எப்படி?' நான் கேட்டேன், 'அந்த இருபத்துமூணு பேருக்கு விதி கிடையாதா?' அவங்க பேரு அவருக்கு இன்னும் முறைப்படித் தெரியாதாம். ஏன்னா நான் முறையில்லாம பாத்த பட்டியல அவர் பாக்கக் கூடாதாம்! எல்லாருக்கும் பொதுவா ஒரு பாடம் ஏற்பாடு பண்றாராம். கணினியிலயே. இருபது நிமிஷம்."

அந்தப் பாடத்தை நானும் செய்தேன். தொப்பி போட்ட ஒரு கார்ட்டூன் கரடி வந்து "ஆர்வமா? வேண்டாமே!" என்று விரலை ஆட்டும். கடைசியில் மூன்று கேள்வி. தப்பாகச் சொன்னாலும் பச்சை நிறத்தில் கைதட்டும். கோரே அதைச் செய்து முடித்துச் சான்றிதழை அச்சிட்டுப் பராமரிப்பு அறைக் கதவில் ஒட்டி வைத்தான். கிண்டலுக்காகத்தான். குன்வோர் அந்த வழியாகப் போகையில் அதைக் கிழித்து அவன் மேசையில் வைத்தாள்.

"டேய், ஆறு தடவ பாத்தியே, எதுக்குடா?"

"சும்மாதான் குன்வோர். எல்லாரும் பாக்குறாங்க. புதுசா ஒரு விஷயம் வந்தா பாக்குறதுதான். நான் யாருக்கும் கெடுதல் பண்ணலையே?"

"நான் உன் வீட்டு ஜன்னல்ல வந்து நின்னு பாத்துட்டு, கெடுதல் பண்ணலையேன்னு சொன்னா ஒத்துக்குவியா?"

"ஜன்னல் வேற, இது வேற."

"ஆமா. ஜன்னல்ல திரை போட்டுக்கலாம்."

அவள் நோயாளியாக விண்ணப்பம் போட்டாள். சட்டப்படி முப்பது நாள் அவகாசம். இருபத்தொன்பதாம் நாள் பட்டியல் வீட்டுக்குத் தபாலில் வந்தது. முதலில் பார்த்த அதே பெயர்கள், அதே நேரங்கள். இப்போது முறைப்படி வந்துவிட்டது. ஒரு நகலை மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் மேற்பார்வை ஆணையத்துக்கு அனுப்பினாள். இன்னொன்றை இயக்குநர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். பரிசீலிப்பதாகச் சொன்னார்.

என் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. ஊரில் சிலர் என்னைப் பெருமையாகச் சொன்னார்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை. எனக்குத் திறக்க வழியே இல்லாமல் இருந்தது. அந்தப் பதினொரு நாளும் எதிர் அறை இருட்டாகக் கிடந்தபோது, என் கணினியில் ஒரு வழி இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று சத்தியம் பண்ணிச் சொல்ல முடியவில்லை. இதை அவளிடமே சொன்னேன். "அதுக்குத்தான்டி பூட்டு. நல்லவங்க கெட்டவங்கன்னு பாத்து யாரு பூட்டு போடுறா?" என்றாள்.

ஏப்ரலில் வருடாந்தரச் சரிபார்ப்பு வந்தது. வழக்கம்போல நாற்பத்தொரு பிரிவுகளுக்கும் கடிதம் போட்டாள். இந்த முறை இரண்டாவது நினைவூட்டல், மூன்றாவது நினைவூட்டல் என்று தேதி போட்டு அனுப்பினாள். கடைசிக் கடிதத்தில் விதியின் வாசகத்தையே எடுத்து எழுதி, எந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் காலாவதியாகும் என்பதையும் தடித்த எழுத்தில் போட்டாள். இயக்குநருக்கும் ஒரு நகல் போனது. ஆறு பேர் பதில் போட்டார்கள். மீதி முப்பத்தைந்து பேர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இந்த முறை அவள் இயக்குநரிடம் கேட்கப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை என் அறைக்கு வந்தாள். "திங்கட்கிழமை காலையில உன் ஃபோன் நிறைய அடிக்கும். இன்னொரு ஆளையும் வரச் சொல்லு."

"என்ன பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல. அதுதான் விஷயம்."

"நோயாளிங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அவசர வழி திறந்துதான் இருக்கும். டாக்டரும் நர்சும் காரணத்த எழுதிட்டு யாரோட குறிப்பையும் திறக்கலாம். அத நான் தொடல. யோசிக்காம செய்வேனா?"

திங்கட்கிழமை ஏழு மணிக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு பொறுப்புகள் காலாவதியாகி விழுந்தன.

ஏழு மணி நான்கு நிமிடத்துக்கு முதல் அழைப்பு. ஏழரைக்குள் என் பலகையில் விளக்கு எரியாத இடமே இல்லை. ஆய்வுக்கூடம் கத்தியது. கிடங்கு கத்தியது. எலும்பு முறிவுப் பிரிவில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, அந்தத் தலைவி பதில் போட்டிருந்தாள். நிதிப் பிரிவுக்காரன் ஒருவன் தனக்குப் புற்றுநோய்ப் பிரிவின் குறிப்புகள் திறக்கவில்லை என்று புகார் சொன்னான். "உங்களுக்கு அது எதுக்கு சார்?" என்று கேட்டேன். ஃபோனை வைத்துவிட்டான்.

இயக்குநர் கூப்பிட்டது கார் நிறுத்தும் தளத்திலிருந்து. அவர் பிரிவுக்கு அவரே தலைவர். அவரும் பதில் போடவில்லை. கதவு திறக்கவில்லை. வெளியே பக்கவாட்டில் அடிக்கிற மழை.

"டூரிட், யாரையாவது அனுப்பிக் கதவத் திறக்கச் சொல்லுங்க."

"யாருக்குத் திறக்க அனுமதி இருக்குன்னு குன்வோரத்தான் கேக்கணும். இணைப்புத் தரட்டுமா?"

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே பத்தொன்பது வருடமும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன் என்று அந்த நிமிடம் தோன்றியது. பிறகு நடந்ததில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

எட்டரை மணிக்கு ராக்னா இறங்கி வந்தாள். பிரசவப் பிரிவின் மருத்துவச்சி, அறுபதை நெருங்குகிறவள். அன்றைக்குத்தான் விடுப்பிலிருந்து திரும்பியிருந்தாள். மேலங்கியின் முன்பக்கத்தில் இரத்தம். என்னைத் தாண்டி நேராகக் குன்வோரின் வாசலுக்குப் போனாள்.

"பிரசவமாகி ஒரு பொண்ணுக்கு ரத்தம் நிக்கல. அவ ரத்த விவரம் எனக்குத் திறக்கல."

குன்வோர் எழுந்து நின்றாள். "அவசர வழி இருக்கே..."

"இருக்கு! அது ரெண்டாவதா ஒரு ரகசிய எண் கேக்குது. நான் அத வச்சதே இல்ல. கூட இருந்த பொண்ணு வேலைக்குச் சேந்து ரெண்டு வாரம். பதினோரு நிமிஷம். பதினோரு நிமிஷம் நான் அவ வயித்த அமுக்கிட்டு நின்னேன். ஆய்வுக்கூடத்துலருந்து ஒருத்தன் காகிதத்தத் தூக்கிட்டு ஓடி வந்தான்."

"அந்தப் பொண்ணு?"

"பொழச்சுக்கிட்டா. உன் புண்ணியத்துல இல்ல."

குன்வோர் உட்காராமலே கணினியில் குனிந்து ராக்னாவின் பொறுப்பையும் பிரசவப் பிரிவு முழுவதையும் திறந்துவிட்டாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. ராக்னா நகரவில்லை.

"உன் விஷயம் எனக்குத் தெரியும். நான் உன் குறிப்பத் திறக்கல, ஊரே பேசுது, அதுல தெரியும். நியாயமான கோபம். ஆனா உனக்குக் கோபம் யார் மேல? அந்தப் பொண்ணு மேலயா?"

பிரிவுத் தலைவிக்கு மூன்று கடிதம் போட்டதற்கான ஆதாரம் குன்வோரின் மேசையிலேயே கிடந்தது. அதை எடுத்துக் காட்டவில்லை.

"அந்த ரெண்டாவது எண் யார் யார் வச்சிருக்காங்கன்னு நான் பாத்திருக்கணும். பாக்கல. என் தப்பு" என்றாள்.

"ஆமா, உன் தப்பு" என்று சொல்லிவிட்டு ராக்னா மேலே போனாள்.

 நான் போய்ப் பேசலாமா என்று பார்த்தேன். குன்வோர் கையை உயர்த்தி வேண்டாம் என்றாள். பிறகு ஃபோனை எடுத்தாள். அவசரப் பிரிவு, அறுவை அரங்கு, தீவிர சிகிச்சை என்று வரிசையாக அவளே கூப்பிட்டு, நோயாளியைத் தொடுகிற எல்லாருக்கும் முதலில் திறந்தாள். மற்றத் தலைவர்களிடம் ஒவ்வொரு பெயராகக் கேட்டாள். "இவரு இப்ப உங்க பிரிவுல இருக்காரா? எதுக்கு இவருக்கு இது வேணும்? சொல்லுங்க, எழுதிக்கிறேன்." கத்தினார்கள். அவள் கத்தவில்லை. பெயரையும் காரணத்தையும் சொல்லாத ஒருவருக்கும் திறக்கவில்லை. அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் அதே வேலை.

புதன்கிழமை மாலைக்குள் எல்லாப் பிரிவும் அடங்கிவிட்டது. விழுந்தது அறுநூற்றுப் பன்னிரண்டு. காரணம் சொல்லித் திரும்ப வாங்கியது இருநூற்று நாற்பத்தொன்று. மீதி முந்நூற்று எழுபத்தொன்றை யாரும் கேட்டு வரவேயில்லை. வேலைக்குத் தேவைப்படாத சாவிகளை இத்தனை வருடமும் இத்தனை பேர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை இயக்குநர் கூப்பிட்டார். வேலையிலிருந்து நீக்குவது பற்றிய பேச்சு என்று கடிதத்திலேயே இருந்தது. சங்கப் பிரதிநிதி சொன்னதை வைத்து எழுதுகிறேன். ஹால்வார் நிறையப் பேசினாராம். ஒரு தாயின் உயிர் என்றார், பொறுப்பின்மை என்றார், பழிவாங்கல் என்றார். குன்வோர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு தாளை அவர் முன்னால் வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

நான்கு வருடத்துக்கு முந்தைய அந்த விதி.

"இருக்கலாம். ஆனா இத இப்படி நடைமுறைப்படுத்தணும்னு யாரும் சொல்லல."

"யாரும் சொல்லலதான். நாலு வருஷமா வேண்டாம்னு மட்டும்தான் சொன்னீங்க, அதுவும் ஃபோன்ல. ஒரு தடவகூட எழுதித் தரல. இப்ப எழுதித் தாங்க. 'விதிய மீறி எல்லாத்தையும் திறந்து விடு'ன்னு ஒரு வரி எழுதி, கீழ கையெழுத்துப் போடுங்க. இப்பவே போய்த் திறந்து விட்டுடறேன்."

அவர் எழுதவில்லை.

"அந்தப் பதினோரு நிமிஷத்துக்கு எச்சரிக்கை குடுங்க. வாங்கிக்கிறேன். அது எனக்குச் சேர வேண்டியது. மார்ச்சுல ஒண்ணு குடுத்தீங்களே, அது எனக்குச் சேர வேண்டியதில்ல" என்றாளாம்.

வேலை போகவில்லை. அந்தப் பதினொரு நிமிடத்துக்கான எச்சரிக்கை மட்டும் வந்தது. மேற்பார்வை ஆணையத்தின் கடிதம் எட்டு மாதம் கழித்து வந்தது. மருத்துவமனையின் மேல் கடுமையான குறை. ஊழியர்களின் பொறுப்புகளைப் பல வருடமாகச் சரிபார்க்காததற்கு இயக்குநரே பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். இருபத்துமூன்று பேருக்கும் தனித்தனியே விசாரணை நடந்தது. சீவுக்கும் கோரேக்கும் இன்னும் மூவருக்கும் எழுத்து மூலமான எச்சரிக்கை. பாக்கிப் பேருக்கு வாய்மொழியாக. இவ்வளவுதானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. குன்வோருக்கு வந்ததா என்று தெரியவில்லை. அவசர வழியின் இரண்டாவது எண்ணை ஒவ்வொரு மருத்துவச்சியும் செவிலியும் வைத்திருக்கிறார்களா என்று அவள் ஆள் ஆளாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரசவப் பிரிவுக்குத்தான் முதலில் போனாள். ராக்னா எண்ணை வைத்துக் காட்டினாள், ஒரு குவளை காபி ஊற்றிக் கொடுத்தாள். 

அவள்மீது போட்ட முதல் எச்சரிக்கையைத் திரும்பப் பெற மருத்துவமனை பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டது. இரண்டு வரிக் கடிதம். 'நீக்கப்பட்டது' என்று இருந்தது. 'வருந்துகிறோம்' என்று இல்லை. குன்வோர் அதை என்னிடம் படித்துக் காட்டிவிட்டு, "கரடி கைதட்டலையா?" என்றாள். நாங்கள் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் முகம் பழையபடி ஆகிவிட்டது.

கோரே ஒருநாள் அவள் அறைக்கு வந்து, விளக்கு மாற்றுகிற சாக்கில் ஏணியில் ஏறி நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டான். "சரி, எறங்கு" என்றாள். அதோடு முடிந்தது. அவனோடு அவள் பிறகு சாதாரணமாகப் பேசினாள். அவனிடம் அவள் எதையும் எதிர்பார்த்ததில்லை.

சீவ் எலும்பு முறிவுப் பிரிவை விட்டுவிட்டு அக்கரையில் ஒரு பல் மருத்துவரிடம் வேலைக்குப் போய்விட்டாள். இரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை, அக்டோபர் முடிவில், நானும் குன்வோரும் விரைவுப் படகில் போய்க்கொண்டிருந்தோம். அடுத்த துறையில் சீவ் ஏறினாள். எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே தயங்கினாள். பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். இளைத்திருந்தாள்.

"ரெண்டு வருஷம் ஆச்சு குன்வோர். நான் பண்ணது தப்புதான். எத்தன தடவ சொல்லணும் சொல்லு, சொல்றேன்."

"தடவக் கணக்கு வேண்டாம்."

"அப்ப வேற என்ன பண்ணட்டும்?"

குன்வோர் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை, ஈரப்பனி அடித்துக்கொண்டிருந்தது.

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம் சீவ். நீ கெட்டவ இல்லன்னு எனக்குத் தெரியும். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஓடி வருவேன். ஆனா எனக்குக் கோபம் போகல. போகும்னு நானும் காத்திருந்தேன். போகல."

கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டு, கனமான கதவைத் தோளால் தள்ளி, மேல்தளத்துக்குப் போனாள். சீவ் என் பக்கத்தில் காலியான அந்த இருக்கையில் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்து, அடுத்த துறையில் இறங்கிக்கொண்டாள்.